ஓர் அரண்மனை முகம், அதற்குப் பின்னால் பல வீடுகள்

‘டெரஸ்’ என்றதும் நமக்கு மொட்டை மாடிதான் நினைவுக்கு வரும்; வடகம் காயப்போடுகிற இடம், மாலையில் காற்று வாங்குகிற இடம். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருளே வேறு. ஒரு வீட்டின் பக்கச் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக, இடையில் ஒரு சந்துகூட இல்லாமல், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒட்டி நிற்கிற வீட்டு வரிசைக்குத்தான் அங்கே டெரஸ் என்று பெயர். மலேசியத் தமிழர்களுக்கு இந்தப் பொருள் பழக்கமானது. அங்கே டெரஸ் வீடு என்றால் வரிசை வீடுதான்.

இங்கே சொல்லப்போவது பிற்கால ஜார்ஜியன் டெரஸ் வீடுகளைப் பற்றி. ‘ஜார்ஜியன்’ என்பது காலத்தின் பெயர். 1714 முதல் 1830 வரை ஜார்ஜ் என்ற பெயர்கொண்ட நான்கு அரசர்கள் அடுத்தடுத்து பிரிட்டனை ஆண்டார்கள். அதில் கடைசி அறுபது எழுபது ஆண்டுகளில் கட்டப்பட்டவற்றைப் பிற்கால ஜார்ஜியன் என்கிறார்கள். லண்டன், பாத், எடின்பரோ, டப்ளின் ஆகிய நகரங்களின் முகம் இன்றைக்கும் பெரும்பாலும் அந்தக் காலம் கொடுத்ததுதான்.

இதைப் புரிந்துகொள்ள நான் எப்போதும் சொல்லும் இடம் லண்டனின் பெட்ஃபோர்ட் சதுக்கம். பிரிட்டிஷ் மியூசியத்திலிருந்து சில நிமிட நடை. 1775இல் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குள் கட்டி முடித்தார்கள். நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு தோட்டம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் செங்கல் வீடுகள். நான்கு பக்கமும் ஏறக்குறைய அன்று இருந்தபடியே தப்பிப் பிழைத்திருப்பது பெரிய பேறு. ராஜாராம் மோகன் ராய் இங்கிலாந்து வந்தபோது தங்கிய இடமும் இதுதான். ஒரு வீட்டுச் சுவரில் அவர் பெயர்ப் பலகை இருக்கிறது.

முதல் பார்வைக்கு அந்த வீடுகளில் ஒன்றுமே இல்லாததுபோலத் தோன்றும். சிற்பம் குறைவு, வண்ணம் குறைவு. புகையேறிய செங்கல் சுவர், அதில் வரிசையாக ஜன்னல்கள், அவ்வளவுதான். ஆனாலும் அங்கே நின்றால் மனம் அமைதியாகிறது. ஏன் என்று கேட்டால் பதில் அந்த ஜன்னல்களில் இருக்கிறது.

ஜன்னல்களைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்

தரைத்தள ஜன்னல்கள் நடுத்தர உயரம். முதல் மாடி ஜன்னல்கள்தான் எல்லாவற்றிலும் உயரமானவை. பல வீடுகளில் அகலத்தைப்போல இரண்டு மடங்கு உயரம். இரண்டாம் மாடியில் உயரம் குறைகிறது. உச்சியில் இருப்பவை கிட்டத்தட்டச் சதுரம். இதில் கவனிக்க வேண்டியது, அகலம் எந்த மாடியிலும் மாறுவதில்லை. உயரம் மட்டும்தான் மாறுகிறது. அதனால் ஒரு ஜன்னலுக்கு நேர் மேலே அடுத்தது, அதற்கு நேர் மேலே அடுத்தது என்று நூல் பிடித்ததுபோல நிற்கின்றன.

இந்தக் கணக்கு இத்தாலியிலிருந்து வந்தது. பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவும் அவருக்கு முன்னோடியான ரோமானியர்களும் கட்டடத்தைத் தூணின் அளவுகளைக்கொண்டு பிரித்தார்கள். கீழே பீடம், அதன்மேல் தூண், தூணின்மேல் உத்தரம். லண்டன் வீட்டில் தரைத்தளம் பீடம். முதல் இரண்டு மாடிகளும் தூண் நிற்க வேண்டிய உயரம். அதற்குமேல் கிடையாக ஓடும் பட்டையும் கைப்பிடிச்சுவரும் உத்தரத்தின் இடத்தில். பெரும்பாலான வீடுகளில் தூண் என்று ஒன்றுமே கிடையாது. தூணை எடுத்துவிட்டுத் தூணின் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சாதாரணச் செங்கல் சுவருக்கு அந்த நிதானம் வந்தது இப்படித்தான். நகர வீடுகளுக்காக மனிதர்கள் கண்டுபிடித்ததிலேயே மிகச் சிக்கனமான அழகு இது என்று நினைக்கிறேன்.

முதல் மாடிக்கு மட்டும் ஏன் அந்த உயரம்? விருந்தினரை வரவேற்கும் பெரிய அறை அங்கேதான் இருந்தது. தெருவின் சேறும் சத்தமும் எட்டாத உயரம், அதிகம் படி ஏறவும் தேவையில்லை. வீட்டின் கௌரவம் எந்த மாடியில் என்பதை, தெருவில் போகிறவருக்கு ஜன்னலே சொல்லிவிடும்.

நெருப்பு எழுதிய சட்டம்

1666இல் லண்டனின் பெரும்பகுதி எரிந்து போனது. அதற்குப் பிறகு நகரத்தில் வீடு கட்டுவது பற்றி வந்த சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தப் பயம் இருந்தது. 1707இல் வந்த சட்டம், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மர இறவாரங்களைத் தடை செய்தது. அதனால் முன்சுவரையே கூரைக்கு மேலே உயர்த்திக் கைப்பிடிச்சுவராக முடித்தார்கள். கூரை அதன் பின்னால் மறைந்தது. இரண்டு ஆண்டு கழித்து வந்த சட்டம், மர ஜன்னல் சட்டங்களைச் சுவரின் முகத்திலிருந்து நான்கு அங்குலம் உள்ளே தள்ளச் சொன்னது. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தால் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் மரம்தான் முதலில் பற்றும் என்பதே காரணம்.

பிற்கால ஜார்ஜியன் வீட்டுக்கு உருவம் கொடுத்தது 1774ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம். ராபர்ட் டெய்லர், இளைய ஜார்ஜ் டான்ஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் எழுதித் தந்தது. ஜன்னலைத் தூக்க உதவும் கயிறும் குண்டும் இருக்கும் பக்கத்து மரப்பெட்டியைச் செங்கல்லுக்குப் பின்னால் ஒளித்துவிட வேண்டும் என்றது. இதனால்தான் இந்தக் காலத்து ஜன்னல்கள் அவ்வளவு மெலிந்து தெரிகின்றன: வெளியே தெரிவது கண்ணாடியும் அதைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டங்களும் மட்டும்தான்.

அதே சட்டம் வீடுகளை நான்கு தரமாகவும் பிரித்தது. கட்டுமான மதிப்பு 850 பவுண்டுக்கு மேல், பரப்பு 900 சதுர அடிக்கு மேல் என்றால் முதல் தரம். 300 முதல் 850 பவுண்டு வரை இரண்டாம் தரம். 150 முதல் 300 வரை மூன்றாம் தரம். அதற்கும் கீழே, 350 சதுர அடிக்கும் குறைவாக இருப்பவை நான்காம் தரம். ஒவ்வொரு தரத்துக்கும் சுவர் எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும் என்பதையும் சட்டமே சொன்னது. சீமானின் வீடும் கைவினைஞரின் வீடும் அளவில்தான் வேறுபட்டன, இலக்கணம் ஒன்றாகவே இருந்தது. லண்டனின் தெருக்கள் மைல் கணக்கில் ஒரே சாயலில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மிளகு வாடகை

இந்த வீடுகளைக் கட்டியவர் யார் என்பது இன்னும் சுவையானது. நிலம் ஒரு பிரபுவுக்குச் சொந்தம். பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் பெட்ஃபோர்ட் கோமகன் குடும்பம். அவர்கள் நிலத்தை விற்கவில்லை, வீடு கட்டவுமில்லை. கட்டுபவர்களுக்கு மனைகளாகப் பிரித்து நீண்ட குத்தகைக்கு, பெரும்பாலும் 99 ஆண்டுக்கு, விட்டார்கள். முகப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை குத்தகைப் பத்திரத்திலேயே இருக்கும். கட்டி முடிக்கும்வரை, முதல் ஓரிரு ஆண்டுக்கு, வாடகை பெயரளவில்தான். அதற்கு ஆங்கிலச் சட்டமொழியில் இன்றும் ‘மிளகு வாடகை’ என்று பெயர்: பத்திரத்தில் வாடகை என்று எழுதியிருப்பது ஒரே ஒரு மிளகு. நம் பக்கத்து மலைகளில் விளைந்து கப்பலேறிப் போன அந்த மணி, லண்டன் வீட்டுப் பத்திரங்களில் இப்படி ஓர் இடம் பிடித்துக்கொண்டது.

மனை எடுத்தவர்களில் பலர் கொத்தனார்களும் தச்சர்களும்தான். கையில் பணம் குறைவு என்பதால் உழைப்பை மாற்றிக்கொண்டார்கள்: உன் வீட்டுக்கு நான் செங்கல் வேலை பார்க்கிறேன், என் வீட்டுக்கு நீ மர வேலை பார். சுவரும் கூரையும் எழும்பியதும், மிளகு வாடகைக் காலம் முடிவதற்குள் வீட்டை வாங்க ஆள் பிடித்துவிட வேண்டும். உள்ளே பூச்சும் அலங்காரமும் வாங்குபவரின் விருப்பம். ஆக முகப்பு பிரபு சொன்னபடி, சுவர் சட்டம் சொன்னபடி, உள்ளே குடிவருபவர் சொன்னபடி. ஒரு வீட்டுக்கு மூன்று எஜமானர்கள்.

இந்த அவசரத்தின் தடயத்தை ஒருமுறை மிக அருகில் பார்த்தேன். பழுதுபார்க்கச் சாரம் கட்டியிருந்த ஒரு வீட்டில், முன்சுவரின் சில கற்களைப் பெயர்த்திருந்தார்கள். வெளியே தெரியும் நல்ல செங்கல் வெறும் அரைக்கல் தடிமன். அதற்குப் பின்னால் இருந்தது சரியாக வேகாத, மட்டமான கல். சுவரின் முகத்தில் ஒவ்வொரு வரியிலும் நீளமாக ஒரு கல், குறுக்காக ஒரு கல் என்று மாறி மாறித் தெரியும். குறுக்குக் கல் சுவருக்குள் ஆழமாகப் போய் முன்னையும் பின்னையும் கட்டிப் பிடிக்க வேண்டும். அங்கே பல குறுக்குக் கற்களைப் பாதியாக உடைத்து ஒட்டியிருந்தார்கள். நல்ல கல்லுக்கு விலை அதிகம். ஒன்றை இரண்டாக்கினால் செலவு பாதி. விளைவு, முன்தோல் ஒரு பக்கம், பின்சுவர் ஒரு பக்கம். இருநூறு ஆண்டில் பல முகப்புகள் வயிறு தள்ளியிருப்பதற்கு இது ஒரு காரணம்; சுவருக்குள் புதைத்த மரக்கட்டைகள் உளுத்துப்போனது இன்னொன்று. இப்போது இரும்புக் கம்பிகளைச் செருகி இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள்.

அதே சுவரில் கைத்திறனும் இருந்தது. ஜன்னலுக்குமேல் உள்ள தட்டையான வளைவில், மென்மையான செங்கற்களைத் தேய்த்துத் தேய்த்து ஆப்பு வடிவமாக்கி, காகிதத் தடிமன் சுண்ணாம்பில் ஒட்டியிருந்தார்கள். மற்ற இடங்களில் கற்களுக்கு நடுவே செங்கல் நிறச் சாந்தைப் பூசி, அதன்மேல் மெல்லிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லும் அளவெடுத்துச் செதுக்கியதுபோல இருக்கும். கிட்டே போனால், கல்லின் உண்மையான விளிம்பு ஓரிடம், வெள்ளைக் கோடு வேறிடம். குறையை மறைக்கக்கூட அத்தனை நிதானமான கை வேண்டியிருந்திருக்கிறது.

தெருவுக்குக் கீழேயும் வீடு இருக்கிறது

முன்கதவுக்குப் போக ஒரு சிறு பாலம்போன்ற படியைக் கடக்க வேண்டும். படிக்கு இருபுறமும் பள்ளம், பள்ளத்தைச் சுற்றி இரும்புக் கிராதி. அந்தப் பள்ளம்தான் நிலவறைச் சமையலறைக்கு வெளிச்சம் தருகிறது. வேலைக்காரர்களும் சாமான் கொண்டு வருபவர்களும் இறங்கும் வழியும் அதுவே. பல இடங்களில் நிலவறை முழுவதும் பூமியைத் தோண்டிச் செய்ததல்ல. பாதி தோண்டி, தோண்டிய மண்ணைத் தெருவில் போட்டுத் தெருவையே உயர்த்தினார்கள். அதனால்தான் பின்பக்கத் தோட்டம் தெருவைவிடத் தாழ்ந்து, நிலவறையின் மட்டத்தில் இருக்கும்.

நடைபாதைக்கு அடியில் நிலக்கரி அறை. நடைபாதையில் வட்டமான சிறு இரும்பு மூடியைக் கண்டால் அதன் வாய் அதுதான். கரிக்காரர் மூட்டையைத் தெருவிலிருந்தே கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார். அங்கிருந்து நான்கு மாடிக்கு அந்தக் கரியைச் சுமந்தவர்கள் வேலைக்காரிகள். அறைக்கு அறை கணப்பு. எல்லாக் கணப்புக்கும் புகைவழி பொதுச் சுவருக்குள் ஏறி, கூரைக்குமேல் வரிசையாகப் புகைபோக்கிகளாக முடிகிறது.

உள்ளே அமைப்பு எளிது. மாடிக்கு முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று. பக்கவாட்டில் நடையும் படிக்கட்டும். தரைத்தளத்தில் உணவறை, முதல் மாடியில் வரவேற்பறை, அதற்குமேல் படுக்கையறைகள், உச்சியில் வேலைக்காரர்கள். நல்ல வீடுகளில் படிக்கட்டு கல். ஒவ்வொரு படியின் ஒரு முனை சில அங்குலம் சுவருக்குள் போகிறது; மறுமுனைக்கு அடியில் தூணோ உத்தரமோ கிடையாது, கீழ்ப்படியின்மேல் விளிம்பை வைத்து உட்கார்ந்திருக்கிறது. மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் அந்தப் படிகளின்மேல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் ஏற ஏறப் படி குறுகும், கைப்பிடி எளிமையாகும், விட்டத்தை ஒட்டிய சுண்ணாம்பு வேலைப்பாடு மெலிந்து மறையும். விருந்தினர் கண் எட்டும் உயரம்வரைதான் செலவு.

ஜன்னலைத் தூக்கிப் பார்ப்பதும் ஓர் அனுபவம். இரண்டு கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழும் நகரும். கிணற்றுக் கப்பிபோலச் சின்னக் கப்பி, அதில் கயிறு, கயிற்றின் முனையில் ஜன்னலின் கனத்துக்குச் சமமான இரும்புக் குண்டு. எல்லாம் பக்கத்துப் பெட்டிக்குள் மறைவாக. அதனால் அத்தனை பெரிய சட்டம் ஒரு கைக்கு அடங்கி, விட்ட இடத்தில் நிற்கும். பழைய கண்ணாடி என்றால் அதில் தெரியும் மரம் லேசாக நெளியும். உருகிய கண்ணாடியை ஊதி, சுழற்றி வட்டத் தட்டாக்கி, அதிலிருந்து வெட்டிய துண்டு அது. பெரிய துண்டு கிடைக்காது என்பதால்தான் ஒவ்வொரு சட்டத்திலும் ஆறு சிறு கட்டங்கள்.

அடைத்த ஜன்னல்களைக் காட்டி, ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தார்கள் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். அந்த வரி 1696 முதல் 1851 வரை இருந்தது உண்மை. அதற்காக அடைத்த ஜன்னல்களும் உண்டு. ஆனால் நீங்கள் பார்க்கும் பல ‘அடைத்த’ ஜன்னல்கள் ஒருநாளும் திறந்திருந்தவையல்ல. உள்ளே புகைவழியோ படிக்கட்டோ இருக்கும் இடத்தில் வெளியே வரிசை கெடாமல் இருக்க, முதலிலேயே பொய் ஜன்னலாகக் கட்டியவை.

பெட்ஃபோர்ட் சதுக்கத்தில் அலங்காரம் என்று ஒன்று உண்டென்றால் அது வாசல்தான். அரைவட்ட வளைவு, அதைச் சுற்றிப் புழு அரித்ததுபோல் குடைந்த கட்டைகள், உச்சிக் கல்லில் தாடி வைத்த ஒரு முகம். பார்க்கக் கல், உண்மையில் சுட்ட மண். எலினார் கோட் என்ற பெண்மணி 1769 முதல் லண்டனின் லாம்பெத்தில் நடத்திய தொழிற்சாலையில் அச்சில் வார்த்துச் சூளையில் சுட்டது. ஒரு பெண் சொந்தப் பெயரில் தொழில் நடத்துவது அரிதாயிருந்த காலம். இருநூற்றைம்பது ஆண்டு மழைக்குப் பிறகும் அந்தத் தாடியின் சுருள்களை எண்ணலாம். பக்கத்திலுள்ள இயற்கைக் கற்கள் பல மழுங்கிவிட்டன.

மற்ற ஊர்களில் இதே இலக்கணம் வேறு வேறு குரலில் பேசுகிறது. பாத் நகரின் ராயல் கிரெசன்ட், இளைய ஜான் வுட் 1767இல் தொடங்கிய பிறை வடிவ வரிசை: 30 வீடுகள், 114 தூண்கள், தேன் நிறக் கல். முகப்பில் ஓர் அங்குலமும் மாறாது. பின்பக்கம் போனால் ஒவ்வொரு வீடும் தன் இஷ்டப்படி புடைத்தும் உள்வாங்கியும் இருக்கும். 1970களில் அங்கே ஒருவர் கதவுக்கு மஞ்சள் பூசியதற்கு நகராட்சி ஆட்சேபித்து, விசாரணைவரை போய், கடைசியில் மஞ்சளே நிலைத்தது. எடின்பரோவின் ஷார்லட் சதுக்கத்தை 1791இல் ராபர்ட் ஆடம் வரைந்தார். டப்ளினில் கதவுக்குமேல் உள்ள விசிறி வடிவக் கண்ணாடிகள் தனி அழகு. அங்கே 1960களில் ஒரே தெருவில் 16 வீடுகளை இடித்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. வரிசையில் ஒரு வீடு போனால் ஒரு வீட்டுக்கு மட்டும் இழப்பு அல்ல, முகமே பல் விழுந்த முகமாகிவிடும். காலத்தின் கடைசியில் செங்கல்லே மறைந்தது: ஜான் நாஷ் 1820களில் ரீஜண்ட் பூங்காவைச் சுற்றி எழுப்பிய வரிசைகள் முழுக்க வெள்ளைச் சாந்துப் பூச்சு.

பெட்ஃபோர்ட் சதுக்கத்துக்குப் போனால் வடக்குப் பக்கத்தின் நடுவில் நின்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒரே அரண்மனையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நடுப்பகுதிக்கு மட்டும் வெள்ளைச் சாந்து பூசி, முக்கோண முகடு வைத்து, சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள் நிறுத்தியிருக்கிறார்கள். அவற்றை எண்ணுங்கள்: ஐந்து. இது மரபுக்கு மாறானது. தூண்கள் இரட்டைப்படையில் இருந்தால்தான் நட்டநடுவில் வாசலோ ஜன்னலோ வரும். ரோமானியக் கோயிலிலிருந்து எல்லாவற்றிலும் அதுதான் முறை. இங்கே நடுவில் ஒரு தூண் வந்து நிற்கிறது. ஏனென்றால் அந்த அரண்மனை நடு ஒரு வீடல்ல, இரண்டு வீடுகள். ஐந்து தூண்களில் மூன்றாவது நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால் ஓடுவது அவ்விரு வீடுகளுக்கும் பொதுவான சுவர்.